பழைய நூறு ரூபாய் நோட்டு

"தம்பி, பாக்கெட்ல பர்ஸ் இருக்கிறதே தெரியக்கூடாது." மருந்துக்கடை அண்ணன் கேட்டது அவ்வளவுதான். அவருடைய பழைய பர்ஸை அளந்தேன். காலியாகவே 14 மில்லிமீட்டர் கனம்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டிய பழக்கத்தில் முதலில் தோலைத்தான் குறைத்தேன். 0.6 மில்லிமீட்டர் ஆட்டுத்தோல். ஒரே மாதத்தில் கார்டு முனைகள் புடைத்துக்கொண்டு, தையல் ஓட்டைகள் இழுத்து நீண்டுவிட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பழைய பர்ஸைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஏ.டி.எம். கார்டு ஒன்று 0.76 மில்லிமீட்டர். நான்கை அடுக்கினாலும் 3 மில்லிமீட்டர்தான். மூன்று கார்டு அறைகளும் அடிவரை முழு அகலத்தில் இறங்கி, ஓரத் தையலில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கனம் அங்கே இருந்தது. அதனால் மேல் அறைகளை மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் வெட்டினேன். ஓரத்தை எட்டும் தோல் எந்த இடத்திலும் ஒரு அடுக்குதான். மடிப்பில் வெளித்தோலை உள்தோலைவிட 5 மில்லிமீட்டர் நீளமாக விட்டேன். இரண்டும் சமமாக இருந்தால் மூடிய பர்ஸ் வாயைப் பிளந்துகொண்டே இருக்கும்.

மேலுக்கு 1.2 மில்லிமீட்டரில், பெரியமேட்டில் தேடி வாங்கிய பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோலின் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் இறுகாது. இந்தப் பட்டைத் தோலின் ஓரத்தை ஈரம் தொட்டு மரக்கட்டையால் தேய்த்தால் அடுக்குகள் ஒன்றாகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்த வேலைக்காகவே எனக்கு இந்தத் தோல் பிடிக்கும். மெழுகு தடவிய ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்துக் கையால் தைத்தேன். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும்.

காலியாக 7 மில்லிமீட்டர். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். 2016 கடைசியிலிருந்து வந்த புது 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் எல்லாம் 66 மில்லிமீட்டர் உயரம். அதை நம்பி உள்ளளவை 70-க்குக் குறைத்திருந்தேன். பழைய நூறு ரூபாய் நோட்டு 73. தலை வெளியே நீட்டிக்கொண்டு, ஓரம் நைந்திருந்தது.

"கடைக்கு வர்றவங்க இதையும்தானே குடுக்கிறாங்க, தம்பி."

செல்லுகிற பணம், வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? புதிதாக 77 வைத்து வெட்டினேன், காசு வாங்கவில்லை. அந்த நைந்த நோட்டுக்கு என்னிடமிருந்த நல்ல நோட்டை மாற்றிக் கொடுத்தேன். அது இப்போது பேட்டர்ன் அட்டைகளோடு என் மேசை டிராயரில் இருக்கிறது.