அட்டைல செஞ்ச பெரிய தேதி: ஒரு பல்ல உடைக்க மூணு ஞாயித்துக்கிழமை

வாட்ச்ல தேதி ஏன் இவ்ளோ பொடியா இருக்குன்னு நாப்பது தாண்டின அப்புறம்தான் கேக்கத் தோணுது. கண்ணாடிய மாட்டிக்கிட்டு மணிக்கட்ட மூக்கு வரைக்கும் கொண்டு போனாதான் அது 16ஆ 18ஆன்னே தெரியுது. டிராயர்ல ஓடாம கிடந்த பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒண்ண எடுத்து டயல கழட்டி உள்ள இருக்கிற தேதி வளையத்த வெர்னியர் வச்சு அளந்தேன், எண்ணெல்லாம் நிக்கிற வட்டம் விட்டம் சுமாரா 22 மில்லி, அப்படின்னா சுத்தளவு 69 மில்லி, அதுக்குள்ள 31 எண்ண அடைக்கணும். ஒரு எண்ணுக்கு 2.2 மில்லி இடம், அதுலயும் ரெண்டு இலக்கம். பஸ்ல மூணு பேர் சீட்ல ஆறு பேர் உக்காந்த கதைதான். இதனாலதான் ரோலக்ஸ்காரங்க எண்ண பெருசாக்காம கண்ணாடி மேலயே ஒரு லென்ஸ ஒட்டி விட்டுட்டாங்க. அது ஒரு வழி, ஆனா எனக்கு என்னமோ பிடிக்கல, நேரா பாத்தாதான் தெரியும்.

இன்னொரு வழிதான் பெரிய தேதி. ஒரே வளையத்துல 31 எண்ண எழுதறதுக்குப் பதிலா பத்தாம் இடத்துக்கு ஒரு தட்டு, ஒண்ணாம் இடத்துக்கு ஒரு தட்டுன்னு பிரிச்சிடறது. ஒண்ணாம் இடத்துல 0 முதல் 9 வரை பத்தே எண்ணுதான், அதே 69 மில்லிய பத்தால வகுத்தா ஒரு எண்ணுக்கு கிட்டத்தட்ட 7 மில்லி கிடைக்குது, அதுவும் ஒத்த இலக்கத்துக்கு. பத்தாம் இடத்துக்கு இன்னும் சுலபம், 0, 1, 2, 3 அவ்ளோதான்.

இத பிரபலமாக்கினது லாங்கே 1ங்கிற ஜெர்மன் வாட்ச். ஜெர்மனில டிரெஸ்டன் ஊர்ல செம்பர் ஆபரா ஹவுஸ்னு ஒரு அரங்கம், அதோட மேடைக்கு மேல 1841ல ஒரு கடிகாரம் வச்சாங்க. முள்ளே கிடையாது. ரெண்டு ஜன்னல், இடதுல மணி ரோமன் எண்ல, வலதுல நிமிஷம் அஞ்சஞ்சா மாறும். கடைசி வரிசைல உக்காந்தவனுக்கும் தெரியணும்ல, அதுக்குத்தான். செஞ்சவர் குட்கேஸ்னு அரண்மனை கடிகாரக்காரர், கூட வேலை செஞ்ச சீடர் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே, பின்னாடி அவருக்கே மாப்பிள்ளையும் ஆயிட்டாரு. 1845ல கிளாஸ்ஹூட்டங்கிற ஊர்ல வாட்ச் பட்டறை ஆரம்பிச்சவர் இந்த லாங்கேதான். ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் கிழக்கு ஜெர்மனி பக்கம் மாட்டிக்கிட்ட அந்த கம்பெனிய அரசுடைமை ஆக்கிட்டாங்க, பெர்லின் சுவர் விழுந்ததும் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 1990ல திரும்ப பதிவு பண்ணி, 1994 அக்டோபர் 24ல நாலு வாட்ச் காட்டினாங்க, அதுல மூணுல இந்த ரெட்டை ஜன்னல் தேதி. ஆபரா கடிகாரத்த சுருக்கி கையில கட்டின மாதிரி.

சரி, அந்த விலைக்கு வாட்ச் வாங்க நான் இன்னொரு பிறவி எடுக்கணும். அட்டைல செஞ்சு பாக்கலாம்ல.

முதல் ஞாயிறு. ஸ்டேஷனரி கடைல 3 மில்லி சன்போர்டு அட்டை ஒரு ஷீட்டு, வட்டம் வெட்ட காம்பஸ் கட்டர், ஐஸ் குச்சி, குண்டூசி. முக்கியமான சக்கரம் 31 பல்லு, தினம் ஒரு பல்லு நகரும், மாசத்துக்கு ஒரு சுத்து. 360ஐ 31ஆல வகுத்தா 11.61 டிகிரி, என் ப்ரொட்ராக்டர்ல அரை டிகிரிக்கு மேல பாக்க முடியாது, சரி 11.5ன்னு வச்சு குறிச்சுக்கிட்டே போனேன். கடைசி இடைவெளி மட்டும் 15 டிகிரி வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. முப்பது தடவ விட்ட பொடி தப்பெல்லாம் ஒரே இடத்துல வந்து குமிஞ்சிருச்சு. தூக்கிப் போட்டுட்டு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு பிரிண்ட் எடுத்து ஒட்டி வெட்டினேன், இத முதல்லயே செஞ்சிருக்கலாம்.

இந்த சக்கரத்துக்கு மேல ரெண்டு அடுக்கு பல்லு. ஒரு அடுக்கு ஒண்ணாம் இடத்து தட்ட தள்ளும், அந்த தட்டுக்கு அடில பத்து முனை ஸ்டார் வடிவ சக்கரம். இன்னொரு அடுக்கு பத்தாம் இடத்த தள்ளும், அதுக்கு நாலு முனை ஸ்டார். ஸ்டார் பாதில நிக்காம இருக்க ஒரு ஸ்ப்ரிங் பல்லிடுக்குல விழணும், வாட்ச்ல அதுக்கு ஜம்பர்னு பேரு. எனக்கு பாப்பாவோட டிக்டாக் கிளிப்ப ரெண்டா பிரிச்சு வளைச்சதுதான் ஜம்பர்.

பத்தாம் இடத்துக்கு பல்லு எங்க எங்கன்னு யோசிச்சுப் பாத்தா சுவாரசியமா இருக்கு. 9ல இருந்து 10 ஆகும்போது ஒண்ணு, 19ல இருந்து 20, 29ல இருந்து 30, அப்புறம் 31ல இருந்து 1. நாலே பல்லு, ஆனா சமமா இல்ல, இடைவெளி 10, 10, 2, 9. கூட்டினா 31. தனியா எடுத்து பாத்தா எலி கடிச்ச சக்கரம் மாதிரி இருக்கும்.

ஒண்ணாம் இடத்துக்கு தினமும்தானே மாறுது, 31 பல்லும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். ரெண்டாவது ஞாயிறு எல்லாம் மாட்டி சுத்தறேன், 1, 2, 3, டக் டக்குன்னு விழுது, 9 தாண்டி 10 அழகா வந்துச்சு, வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்றேன், 29, 30, 31, அடுத்த டக்குக்கு 02.

ஒண்ணாந்தேதியே வரல. சம்பளம் போச்சுன்னாங்க வீட்ல.

உக்காந்து யோசிச்சா விஷயம் சின்னது. 31லயும் கடைசி இலக்கம் 1, அடுத்த நாளும் கடைசி இலக்கம் 1தான். அன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் ஒண்ணாம் இடம் அசையவே கூடாது. அதாவது 31 இடத்துல 30 பல்லு, ஒரு இடம் பொக்கை. 30 தள்ளலுக்கு பத்து முனை ஸ்டார் சரியா மூணு சுத்து சுத்தி திரும்ப 1லயே வந்து நிக்குது. லாங்கே மெஷின்லயும் இந்த பொக்கைதான் வேலை செய்யுது, சென்சாரா கம்ப்யூட்டரா, ஒரு பல்லு இல்லாம இருக்கிறதுதான் மாசம் முடிஞ்சத சொல்லுது.

நகவெட்டி எடுத்து ஒரு பல்ல வெட்டி விட்டேன். திரும்ப சுத்தினா 28, 29, 30, 30, 01. "அப்பா, முப்பது ரெண்டு தடவ வருதுப்பா, முப்பத்தொண்ணு எங்கப்பா?"ன்னு பாப்பா கேக்குது. பக்கத்து பல்ல வெட்டிட்டேன். ரெண்டு ஸ்டாரும் சக்கரத்த ஒரே இடத்துல தொடல, நடுவுல ஆறு பல்லு தள்ளி நிக்குது, அதனால 31ல பத்தாம் இடத்த தள்ற பல்லுக்கு நேர் மேலயே பொக்கை இருக்காது, எண்ணித்தான் கண்டுபிடிக்கணும், நான் எண்ணினதுல ஒண்ணு தவறிடுச்சு. வெட்டின துண்ட தரைல தேடி பெவிகுயிக்ல ஒட்டி, மூணாவது ஞாயிறு 31 காட்டற நிலைல நிறுத்தி, ஒண்ணாம் இடத்து ஸ்டார அடுத்ததா தள்ளப் போற பல்லு மேல மார்க்கர்ல புள்ளி வச்சு அதுக்கப்புறம்தான் கை வச்சேன். 31, 01. அந்த சத்தத்த பத்து தடவ கேட்டேன்.

கைல சுத்தும்போது இன்னொண்ணு தெரிஞ்சுது, படிச்சிருந்தா தெரிஞ்சிருக்காது. சாதாரண நாள்ல விரல் நுனில சுத்துது. 9, 19, 29 தாண்டும்போது மட்டும் ரெண்டு தட்டும் சேந்து நகரணும், கட்ட விரல்ல அழுத்தம் கொடுத்தாதான் போகுது. வாட்ச்ல அந்த பலம் வாட்ச ஓட்டற அதே மெயின் ஸ்ப்ரிங்ல இருந்துதான் வரணும், அது அங்க இங்க பலம் கொடுத்தா நேரத்த அளக்க இங்கயும் அங்கயும் ஆடற பேலன்ஸ் வீலோட வீச்சு குறையும், நேரம் தப்பும். அதனாலதான் பத்தாம் இடத்துக்கு முழு தட்டு வைக்காம லாங்கேல சிலுவை மாதிரி நாலு கை மட்டும் வைக்கிறாங்கன்னு எனக்கு இப்ப தோணுது, எடையும் குறையுது, இடமும் மிச்சம். சில மெஷின்ல நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா ஒரு ஸ்ப்ரிங்க இறுக்கி வச்சு நடுராத்திரி ஒரே அடியா விடுவாங்க.

அழகு விஷயத்துல நான் தோத்துட்டேன். ரெண்டு தட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிறதால ஒண்ணாம் இடத்து எண்ணு 3 மில்லி குழிக்குள்ள கிடக்கு. லாங்கேல ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல ஒரு பட்டை வச்சு சட்டம் போட்டதுக்கு இதுதான் காரணம்னு புரியுது, அந்த மேடு பள்ளம் கண்ணுக்கு படாது. அதே ஊர் கம்பெனி கிளாஸ்ஹூட்ட ஒரிஜினல் வேற மாதிரி யோசிச்சுது, ஒரு தட்டுக்குள்ள இன்னொரு தட்டு, ரெண்டும் ஒரே மட்டத்துல, நடுவுல பட்டையே வேணாம். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, ஆனா அட்டைல அவ்ளோ சுத்தமா வட்டத்துக்குள்ள வட்டம் வெட்ட என் கைக்கு வரல. இப்போதைக்கு மேல் தட்டு மட்டும் சார்ட் பேப்பருக்கு மாத்திட்டேன், குழி பாதியா குறைஞ்சுது.

இன்னும் ஒரு கோளாறு இருக்கு. நாலு முனை ஸ்டார் ஒரு தள்ளலுக்கு 90 டிகிரி போகணும், என் பல்லு 45 தாண்டி கொஞ்சம்தான் தள்ளுது, மிச்சத்த ஜம்பர் இழுத்துக்கணும், கிளிப்பு சோர்ந்து போனா 2ம் 3ம் பாதி பாதியா நிக்குது. வேற கிளிப்பு கேட்டா பாப்பா தரமாட்டேங்குது.

டேபிள் மேலயே வச்சிருக்கேன், காலைல காபி குடிச்சுட்டு ஒரு டக்கு. இதுக்கு மாசம் எதுன்னு தெரியாது, எல்லா மாசமும் 31தான், வருஷத்துக்கு அஞ்சு தடவ கைல திருத்தணும். லாங்கே 1ல அதுக்கு 10 மணி பக்கத்துல ஒரு பட்டன் இருக்கு. எனக்கு ஐஸ் குச்சி. இன்னைக்கு செப்டம்பர் 30, நாளைக்கு காலைல ரெண்டு டக்கு.