தூக்குப்பாலம் மூடும் நேரம்

பாம்பன் சாலைப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பார்ப்பவர்களுக்கு, ரயில் தூக்குப்பாலம் திறக்கும் காட்சிதான் பெரிது. ரயில்வேயின் பாலப் பராமரிப்புப் பிரிவில் அங்கே வேலை பார்த்த எங்களுக்கோ, அது மூடும் நேரம்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தப் பழைய ரயில் பாலம் சுமார் 2 கிலோமீட்டர் நீளமும், தூண்களுக்கு இடையே நூற்றுக்கும் மேற்பட்ட கண்களும் உடையதாக இருந்தது. அவற்றில் கப்பலுக்கு வழிவிட்டது ஒரே ஒரு கண்தான். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் முறைப்படி அமைந்த அதன் இரண்டு இறக்கைகளும் வளைவான அடிப்பாகத்தின் மீது பின்னோக்கி உருண்டு மேலெழும். எதிர்ப்பக்கத்து எடை அவற்றின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால்தான், ஆட்கள் நெம்புகோல்களைத் தள்ளிப் பற்சக்கரங்களைச் சுழற்றியே அத்தனை இரும்பையும் தூக்க முடிந்தது. துறைமுக அலுவலகத்தின் அனுமதியும் ரயில் இல்லாத இடைவேளையும் ஒன்றாகக் கிடைக்கும்வரை கப்பல்களும் விசைப்படகுகளும் காத்துக்கிடக்கும்.

கடைசிப் படகும் கடந்த பிறகு கூட்டம் கலைந்துவிடும். எங்கள் வேலை அப்போதுதான் கனக்கும். இரண்டு இறக்கைகளும் நடுவில் சந்திக்கும் இடத்தில் தண்டவாள முனைகள் நேர்க்கோட்டில் அமர்ந்து, பூட்டு விழுந்து, அது சரிபார்க்கப்பட்ட பிறகே சிக்னல் கொடுக்க முடியும். வெயிலில் இரும்பு விரிந்திருந்தாலோ, காற்று பக்கவாட்டில் அழுத்தினாலோ பொறுமை சோதிக்கப்படும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும் ஏற்பாடும் இருந்தது.

காற்றைவிட உப்புதான் ஓயாத எதிரி. பற்சக்கரத்தில் தடவிய கிரீஸில் மணலும் உப்பும் கலந்து கறுத்த களிம்பாகிவிடும். அதை வழித்தெடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். இரும்புகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைச் சுரண்டினால், மேலே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துரு ஏடு ஏடாக உரிந்து வரும்.

1964 டிசம்பர் புயலில் 126 கண்களின் கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) கடலோடு போயின; தூக்குக் கண் நின்றது. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்ட கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் துரு சுரண்டியவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது (அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்).

2022 டிசம்பரில் தூக்குக் கண்ணில் கோளாறு தெரிந்து ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண், இரு கோபுரங்களுக்கு நடுவே மின்மோட்டாரால் நேராக மேலேறுகிறது. கையால் தூக்கிய காலமே அழகு என்று எழுதுகிறார்கள். அந்த நெம்புகோலை உச்சி வெயிலில் தள்ளியவர்கள் யாரும் என் காதுபட அப்படிச் சொன்னதில்லை. மோட்டார் எப்போது வரும் என்றுதான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.