56-க்கு மேல் வந்தால் நீக்கு

அமெரிக்க சென்சஸ் தரவை வைத்து அட்டவணையும் வரைபடமும் தயாரிப்பது என் வேலை. அதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எண் உண்டு. அலபாமா 1, கடைசியாக வயோமிங் 56. அதற்கு அப்புறமும், அமெரிக்க ஆட்சியில் இருந்தாலும் மாநிலமாக இல்லாத தீவுப் பகுதிகளுக்கு எண்கள் இருக்கின்றன: அமெரிக்க சமோவா 60, குவாம் 66, வட மரியானா தீவுகள் 69, போர்ட்டோ ரிக்கோ 72, வர்ஜின் தீவுகள் 78. பழைய புரோகிராம் கோட் எதைத் திறந்தாலும் ‘56-க்கு மேல் வந்தால் நீக்கு’ என்று ஒரு வரி கண்ணில் படும். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. வரைபடத்தில் இடமில்லை, வாடிக்கையாளரும் கேட்கவில்லை. ஆனால் 2020 கணக்குப்படி அந்த ஒரு வரியில் 36 லட்சம் பேர் காணாமல் போகிறார்கள்.

2020-இல் நான் டெக்சாஸில் எச்-1பி விசாவில் இருந்தேன். சென்சஸ் படிவத்தை நிரப்பினேன். எனக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களை மாநிலங்களுக்குப் பிரிக்கும் கணக்கில் நானும் ஒரு தலை. அரசியல் சாசனம் மாநிலத்தில் வசிக்கும் எல்லோரையும் எண்ணச் சொல்கிறது, குடிமக்களை மட்டுமல்ல. அது சரி என்றுதான் நினைக்கிறேன். சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எல்லோருக்கும்தானே வேண்டும்?

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரின் அம்மா போர்ட்டோ ரிக்கோவில் இருக்கிறார், பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகள். 1917 சட்டம் அந்தத் தீவு மக்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. அவரையும் சென்சஸில் எண்ணினார்கள், ஆனால் இடப் பங்கீட்டில் சேர்க்கவில்லை. நாளைக்கே மகள் வீட்டுக்குக் குடிவந்தால் ஓட்டும் உண்டு, கணக்கிலும் உண்டு. 2020-இல் போர்ட்டோ ரிக்கோவின் மக்கள்தொகை 32.86 லட்சம், யூட்டாவை விடக் கொஞ்சம் அதிகம். யூட்டாவுக்குச் சபையில் 4 இடம். போர்ட்டோ ரிக்கோவுக்கு ஒரே ஒரு பிரதிநிதி, சபையின் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கும் ஓட்டில்லை. அதே 2020 கணக்கில் இன்னும் வெறும் 89 பேர் எண்ணிக்கையில் இல்லாததால் நியூயார்க் ஓர் இடத்தை இழந்தது. அப்படி ஒவ்வொரு தலையும் கணக்காகும் இடத்தில் லட்சக்கணக்கானோரை வெளியே நிறுத்துவது எப்படி நியாயமாகும்?

அமெரிக்க சமோவாவின் கதை இன்னும் சிக்கலானது. 1900-இலிருந்து அமெரிக்கக் கொடியின் கீழ் இருக்கும் தீவு அது. அங்கே பிறந்தவர்கள் ‘நேஷனல்’, அதாவது அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள் மட்டுமே, குடிமக்கள் அல்ல. பாஸ்போர்ட்டிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். யூட்டாவில் குடியேறிய சமோவாக்காரர்கள் சிலர் பிறப்பால் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கை 2022-இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது. நிலத்தைக் குடும்பங்கள் கூட்டாக வைத்திருக்கும் தங்கள் முறைக்கு ஆபத்து வரும் என்று சமோவா அரசே அந்தக் கோரிக்கையை எதிர்த்தது. ஆகவே குடியுரிமை வேண்டுமா என்பதை அந்த மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவர்களைப் பற்றிய தரவை ஒழுங்காகச் சேகரிக்க அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வருடா வருடம் வறுமை, வேலை, மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்கும் பெரிய சர்வே மாநிலங்களிலும், தலைநகரிலும், 2005 முதல் போர்ட்டோ ரிக்கோவிலும் நடக்கிறது. மற்ற நான்கு தீவுப் பகுதிகளில் இல்லை. அங்கே பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் இந்தக் கேள்விகள். ஒருமுறை வறுமை வரைபடம் ஒன்றைச் சரிபார்த்தபோது குவாம் மிக வெளிர் நிறத்தில், அதாவது வறுமையே இல்லாத ஊராக, வந்து நின்றது. காலியாக இருந்த கட்டத்தை மென்பொருள் பூஜ்யமாக எடுத்துக்கொண்டிருந்தது. கிளினிக் எங்கே திறப்பது என்று முடிவெடுப்பவர் அந்த நிறத்தைத்தான் பார்ப்பார்.

இப்போது நான் அனுப்பும் அட்டவணைகளில் அந்த ஐந்து வரிகளும் கட்டாயம் இருக்கும். எண் இல்லாத இடத்தில் ‘தரவு இல்லை’ என்றும், பழைய எண் என்றால் அது எந்த வருடத்தியது என்றும் எழுதிவிடுகிறேன். வரைபடம் நெரிசலாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று போன மாதம் ஒரு வாடிக்கையாளர் சொன்னார். எழுத்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தேன்.