இருட்டில் ஒரு பாட்டு

2018இல் வந்த '96' படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். 22 ஆண்டுகள் கழித்து வரும் பள்ளிக் காதலி ஜானுவின் (திரிஷா) முன்னால் ராமாக விஜய் சேதுபதி நிற்கிறாரே, அத்தனை பெரிய உடம்பு பத்தாம் வகுப்புப் பையனாகச் சுருங்கிவிடுகிறது! பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாத தவிப்பு. அதை நடிப்பென்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

நானும் அப்படித்தான் நின்றேன், ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில். சௌக்கியமா என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குள் அவள் மகன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

பள்ளி நாட்களில் ராம் எத்தனை முறை கேட்டும் பாடாத 'யமுனை ஆற்றிலே'யை, மின்சாரம் போன இருட்டில் திரிஷா பாடத் தொடங்கும் இடத்தில் நேற்றும் அழுதேன். என்னவள் அழகாகப் பாடுவாள். கேட்க வேண்டுமென்று அன்று தோன்றவே இல்லை.