மீற்றர் கோலும் கால்டரும்

கனடாவின் மொன்றியலில் இருக்கிற நம் பள்ளிப் பழைய மாணவர்கள் 'மனிதன்' என்ற சிற்பத்தின் கீழ் ஒரு தடவையாவது நின்று படம் எடுத்திருப்பார்கள். 1967 உலகக் கண்காட்சிக்காக சென் ஹெலன் தீவில் நிறுத்திய, ஏறத்தாழ 20 மீற்றர் உயரமான உருக்குச் சிற்பம். செய்தவர் அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கர். பெரிய சிற்பங்களுக்குக் கறுப்போ சிவப்போ பூசுகிறவர். பணம் கொடுத்த நிக்கல் கம்பனி உலோகம் தெரியட்டும் என்றதாம், அப்படியே விட்டுவிட்டார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை, அசையாமல் நிற்கிறது. கால்டரின் கெட்டித்தனம் அசைகிறவற்றில்தான்.

அப்படி ஒன்றை நியூயோர்க் நவீன கலைக் காட்சியகத்தில் பார்த்தேன். 1939இல் அங்குள்ள படிக்கட்டில் தொங்கவிடவென்றே செய்தது: கம்பியும் அலுமினியத் தகடும், அவ்வளவுதான். லேசாகக் காற்று பட்டாலே ஒவ்வொரு கிளையும் தன்பாட்டில் திரும்புகிறது. கூட வந்தவர்கள் அழகு என்றார்கள். எனக்கு நம் பௌதிகவியல் சேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

விசையின் திருப்பத்தை, அதாவது ஒரே நிறை நடுவிலிருந்து தள்ளிப்போகப் போகக் கோலைக் கூடுதலாகச் சாய்க்கும் என்பதைப் படிப்பிக்கும்போது சேர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். மீற்றர் கோலின் நடுவில் நூலைக் கட்டித் தூக்கி, ஒரு பக்கம் 50 கிராம் தொங்கவிட்டு, "கோல் சமமா நிக்க 100 கிராமை எங்க போடுவாய், சொல்லு பாப்பம்" என்பார். இது எந்த வாத்தியாரும் செய்வதுதான். இவர் அதோடு விடமாட்டார். அந்தக் கோலை நிறைகளோடு அப்படியே இன்னொரு கோலின் நுனியில் தொங்கவிடச் சொல்வார், பிறகு மூன்றாவது கோல். மேலே இருந்து தொடங்கியவன் தொலைந்தான். கீழே ஒரு நிறையை மாற்றினால் மேலே உள்ளதெல்லாம் சரிந்துவிடும். "கடைசிக் கோலைச் சமப்படுத்து. அதுக்குப் பிறகு அதை ஒரே நிறையா நினை."

கால்டரும் அப்படித்தான் செய்தார். நுனியில் உள்ள மிகச் சின்னத் தகட்டில் தொடங்கி, அது சமநிலைக்கு வரும் இடத்தைப் பிடித்து, அதை அடுத்த கம்பியில் மாட்டி மேலே போவார். 1919இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லவா! பிலடெல்பியா நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை இவருடைய பாட்டனார் செய்தது. தகப்பனும் சிற்பி. அந்த வீட்டுப் பிள்ளை எஞ்சினியரிங் படிக்கப் போனது, கணிதப் பிரிவு கிடைக்காதவன்தான் சித்திரம் கீறுவான் என்று நம்பிய நம் வீடுகளுக்கு நேர் எதிர்.

பட்டத்தோடு கப்பலில் கொதிகலன் அறை வேலைவரை பார்த்துவிட்டு, 1926இல் பாரிஸ் நகருக்குப் போனார். கம்பியும் துணியும் தக்கையும் கொண்டு ஒரு குட்டி சர்க்கஸ் செய்து, பெட்டிகளில் காவிக்கொண்டுபோய் ஆட்டிக் காட்டினார். 1930இல் ஓவியர் மொந்திரியானின் அறைக்குப் போனபோது, சுவரில் இருந்த வண்ணச் சதுரங்கள் அசைந்தால் நல்லாயிருக்குமே என்றாராம். மொந்திரியானுக்கு அது பிடிக்கவில்லை. சரி, நானே அசைக்கிறேன் என்று போய்விட்டார் போலும். முதலில் மோட்டரும் கைப்பிடியும் வைத்தார். ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வர, அலுத்துப்போய் காற்றிடமே விட்டுவிட்டார். 1955இல் ஆலை முதலாளிகளான சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாக இந்தியாவின் அகமதாபாத்தில் தங்கியும் இப்படிச் சில அசைசிற்பங்கள் செய்திருக்கிறார். அவற்றை நான் பார்த்ததில்லை.

வொஷிங்டன் பக்கம் இருக்கிற நம் பையன்கள் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்துக்குக் கட்டாயம் போகவேண்டும். 20 மீற்றருக்கு மேல் விரியும் அசைசிற்பம் ஒன்று அங்கே தொங்குகிறது. முதலில் போட்ட திட்டப்படி செய்திருந்தால் பாரத்தில் அசைந்தே இருக்காது. போல் மத்தீஸ் என்பவர்தான் உள்ளே தேன்கூடு போன்ற அலுமினியம் வைத்து அதை இலேசாக்கினார். 1976 நவம்பரில் கால்டர் இறந்துவிட்டார். அது தொங்கியது 1977இல். போனால் தகடுகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கொளுவி எந்தப் பக்கம் நெருங்கி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சேர் அதைத்தான் கேட்பார்.