எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையே ஆறு கிலோமீட்டர்

தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி உண்டு. அதற்கு மேல் படிக்க ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக நான் பொறுப்பேற்றபோது, எங்கள் ஊரில் இடைநிற்றல் இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். பதிவேடுகளும் அப்படித்தான் சொல்லின. எட்டாம் வகுப்பை முடித்த பெண்ணுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததோடு எங்கள் பள்ளியின் கணக்கு முடிந்துவிடும். அவள் போய்ச் சேராத பள்ளியின் கணக்கிலோ அவள் பெயர் ஏறியதே இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை என்று சொல்லி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அரசு தரும் விலையில்லா மிதிவண்டியும் 11-ஆம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. அதுவரை படித்து வந்துவிட்ட பெண்ணுக்கு அது பரிசு. எங்கள் பெண்களுக்குத் தேவைப்பட்டதோ அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு.

தலைமை ஆசிரியரிடம் கேட்டு, முந்தைய இரண்டு ஆண்டுகளின் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளைப் பார்த்துப் பட்டியல் எடுத்தோம். 13 பெண்கள், வீடு வீடாகப் போய் விசாரித்ததில் ஐந்து பேர் ஒன்பதாம் வகுப்பில் சேரவே இல்லை என்று தெரிந்தது. வறுமை, கல்யாணம் என்ற காரணங்களை எதிர்பார்த்துப் போன எனக்கு, நான்கு வீடுகளில் ஒரே பதில் கிடைத்தது. “படிக்க வேண்டாம்னு நாங்க சொல்லலை அக்கா. இருட்டுல அந்த ஓடைப் பக்கம் பாப்பா தனியா நடந்து வர்றதை நெனச்சாத்தான் பயம்” என்றார் ஒரு தாய். பள்ளி 4.30-க்கு முடியும், ஊருக்குத் திரும்பும் டவுன் பஸ் 4.10-க்கே பள்ளி நிறுத்தத்தைக் கடந்துவிடும், அடுத்தது 7.15-க்குத்தான். 2021 மே மாதம் முதல் அந்த பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், காசு ஒரு தடையே அன்று.

‘புதிய பேருந்து வேண்டும்’ என்று குழுவில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். அடுத்த மாதமே பதில் வந்தது: கூடுதல் நடை இயக்கும் அளவுக்கு அந்தத் தடத்தில் பயணிகள் இல்லை. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தவறு எங்கள் மனுவில்தான் இருந்தது என்பதை அந்த பஸ்ஸின் நடத்துநர் ஒருநாள் டீக்கடையில் விளக்கிய பிறகே புரிந்துகொண்டேன். ஒரு வண்டியின் ஒரு நாள் என்பது சிங்கிள் சிங்கிளாக, அதாவது ஒவ்வொரு ஒருவழி நடையாக, வரிசையாகக் கோக்கப்பட்டது. புதிய நடை என்றால் வண்டியும் வேண்டும், ஓட்டுநரும் நடத்துநரும் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒரு சிங்கிளைச் சற்றுத் தள்ளுவதற்கு இவை எதுவும் வேண்டாம். “பஸ்ஸைக் கேக்காதீங்கம்மா, டைமைக் கேளுங்க” என்றார்.

இரண்டாவது மனுவை அதற்கேற்ப எழுதினோம். 4.10 நடையை 4.40 ஆக்க வேண்டும் என்பது ஒன்றே கோரிக்கை. பெயர்கள் இல்லாமல் வகுப்புவாரியாக மாணவியரின் எண்ணிக்கை, பள்ளி விடும் நேரம் குறித்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதம், பஸ் வந்துபோகும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவைத்த தாள் ஆகியவற்றை இணைத்தோம். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக வைத்தபோதுதான் எதிர்பாராத எதிர்ப்பு எழுந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள் அதே வண்டி திரும்பும்போதுதான் ஏறுவார்கள். அரை மணி தாமதமானால் நகரத்தில் அவர்கள் பிடிக்கும் வண்டி போய்விடும். அவர்களில் இருவர் என் பட்டியலில் இருந்த பெண்களின் தகப்பன்மார்கள். வாய்த்தகராறாகப் போய்க்கொண்டிருந்த பேச்சில், அவர்கள் புறப்படுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை, அன்று பள்ளியே இல்லை என்று பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி சொன்னார். ஞாயிறு மட்டும் பழைய நேரமே இருக்கட்டும் என்ற வரியைச் சேர்த்ததும் எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

இம்முறை மனுவோடு நானே பணிமனைக்கும் போய்க் கிளை மேலாளரைப் பார்த்தேன். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நேரம் மாறியிருந்தது. அடுத்த ஜூனில் ஐவரில் மூவர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வீட்டிலேயே பத்திரமாக இருந்ததால் சேர்க்கை ஒரே நாளில் முடிந்தது. நான்காவது பெண் அதற்குள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். தொலைபேசியில் பேசினேன், வரவில்லை என்றாள். பஸ்ஸைக் காரணமாகச் சொல்லாத ஐந்தாவது வீட்டில் கதவைத் திறக்கவே மறுத்துவிட்டார்கள்.

இப்போது அந்த மூவரும் பத்தாம் வகுப்பு. சிறப்பு வகுப்பு 5.30 வரை நடப்பதால், வாரத்தில் மூன்று நாள் 4.40 பஸ் அவர்களுக்குப் பயன்படுவதில்லை. பெற்றோர்கள் முறை வைத்துப் போய் அழைத்து வருகிறார்கள். 7.15 சிங்கிளை முன்னால் நகர்த்த முடியுமா என்று நடத்துநரிடம் கேட்டிருக்கிறேன். அது வேறு டிப்போ வண்டியாம்.