பிரஷருக்காகச் சிறுநீரக நரம்பில் சூடு வைத்துக்கொண்டேன்

பாம்பனில் வலை, கயிறு விற்கிற கடை வைத்திருக்கிறேன். வயது 54. நீர் பிரியும் மாத்திரையோடு சேர்த்து நாலு வகை போட்டும் இரண்டு வருடமாகப் பிரஷர் 170க்குக் கீழே இறங்கவே இல்லை. அக்கா பக்கவாதத்தில் விழுந்து ஒரு கை வராமல் கிடப்பதை தினமும் பார்க்கிறவன், அந்தப் பயத்திலேயே எனக்குத் தூக்கம் போனது.

மதுரையில் ஒரு இதய மருத்துவர்தான் ரீனல் டினர்வேஷன் பற்றிச் சொன்னார். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் சேதி கொண்டுபோகிற நரம்புகள் சிறுநீரக ரத்தக்குழாயைச் சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன, அவை ஓயாமல் முடுக்கிக்கொண்டே இருந்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கி பிரஷர் ஏறும், குழாய்க்கு உள்ளிருந்தே சூடு கொடுத்து அவற்றை அடக்குவதுதான் இந்தச் சிகிச்சை. உடனே தேதி கேட்டேன். "ஐயா, மாத்திரை நிஜமாகவே தோற்றுவிட்டதா என்று முதலில் பார்ப்போம்" என்றார்.

பார்த்து முடிக்கவே நாலு மாதம். 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கிற பிரஷர் கருவி ஒன்று; விடியற்காலை மூன்று மணிக்கு அது உறுமிக்கொண்டு இறுக்கிய சத்தத்தில் வீட்டுக்காரியும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். உப்பை உடம்பில் தங்க வைக்கிற ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஸ்கேன், குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனை. ஒருநாள் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். முட்டிவலிக்கு ஊரில் ஒரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்த டைக்ளோஃபெனாக்கும் அதில் இருந்தது, மூன்று வருடமாகத் தின்றிருக்கிறேன். அது பிரஷரை ஏற்றும், மற்ற மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். என் பிரஷர் தெரிந்தே எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதை நிறுத்தி, உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் அடக்கி, நெத்திலிக் கருவாட்டையும் விட்ட பிறகு 156க்கு வந்து அங்கேயே நின்றது. அப்புறம்தான் தேதி கொடுத்தார்.

கூடவே ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். 2014இல், சும்மா குழாய் மட்டும் விட்டு எடுத்தவர்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில் இந்தச் சிகிச்சை தோற்றது. கருவியையும் முறையையும் திருத்திச் செய்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் 2023 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் பலிக்காது, பலித்தாலும் மாத்திரை போகாது.

தொடை இடுக்கில் ஒரு துளை, அதன் வழியாக மெல்லிய குழாய். அரைத்தூக்கத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு முறை சூடு கொடுக்கும்போதும் விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, ஆழத்தில் பிசைகிற மாதிரி வலிக்கும், ஒரு நிமிடம் கழித்து நின்றதும் சுத்தமாகப் போய்விடும். ஒரு மணி நேரத்தில் முடிந்தது, அதைவிட ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்ததுதான் பெரும்பாடு.

மறுநாள் பிரஷர் அப்படியே இருந்தது, மனசு விட்டுப்போனது. மெதுவாகத்தான் இறங்கும் என்றார்கள். மூன்றாம் மாதம் 146, இப்போது ஏழாம் மாதம் 138. நாலு மாத்திரையில் ஒன்று குறைந்திருக்கிறது. தை பிறந்ததும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்க மறுபடி மதுரைக்குப் போக வேண்டும்.